பாதியில் நின்ற திட்டு

வாடகைக்குப் பார்க்கப் போன வீட்டின் படுக்கையறைச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள் என் மனைவி. இடது நடுவிரலைச் சுவரில் படுக்கவைத்து, வலது நடுவிரலால் அதன் தலையில் ஒரு கொட்டு. ஒரு விரல் அகலம் கீழே இறங்கி இன்னொரு கொட்டு. புது வெள்ளை அடித்த பெருமையில் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஜன்னலுக்குக் கீழே வந்ததும் இவள் தலையைச் சாய்த்தாள். திரும்ப மேலே போனாள், திரும்ப இறங்கினாள். "இது வரைக்கும் நல்லா இருக்கு. இதுக்குக் கீழ பூச்சு சுவரை விட்டுடுச்சு. எவ்வளவு நாளா இப்படி?" என்றாள். அவள் டாக்டர் என்று நாங்கள் அதுவரை சொல்லவில்லை. ஆனாலும் அந்த மனிதர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, "ஒரு வருஷமா இருக்குங்க" என்று ஒப்புக்கொண்டார். வீடு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் 'தட்டு டாக்டர்' என்று பெயர். நெஞ்சுநோய்ப் பிரிவு எங்கே என்று கேட்டால் முழிக்கிற வாட்ச்மேன், தட்டு டாக்டர் எங்கே என்றால் அறை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுவார். வலது நடுவிரல் நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பாள். இடது நடுவிரலின் கணுவில் தோல் தடித்துக் காய்த்துப்போயிருக்கும். கடையில் தர்பூசணி, சமையலறையில் மாவு டின், கேஸ் சிலிண்டர் எதையும் தட்டாமல் தாண்ட மாட்டாள். பக்கத்தில் படுத்துத் தூங்குகிற என் முதுகையும் தூக்கக் கலக்கத்தில் தட்டுவாள். கல்யாணமான புதிதில் அதை நான் ஆசை என்று நினைத்து உருகியிருக்கிறேன்.

தட்ட முடியாத தூரத்தில் இருப்பவர்களையும் அவள் விடுவதில்லை. ஒருநாள் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்பதற்காக ஓர் அம்மாள் போன் செய்தார். பாவம், ஒரு வாக்கியத்தை நாலைந்து துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் மூச்சு வாங்கிப் பேசினார். என் மனைவி முழுதும் கேட்டுவிட்டு, "நீங்க எந்தப் பக்கமா படுத்தா சௌகரியமா இருக்கு?" என்று விசாரித்தாள். போன் வைக்கப்பட்டுவிட்டது. "நல்ல கேள்விதானேங்க கேட்டேன்?" என்று என்னிடம் நியாயம் கேட்டாள். நெஞ்சில் ஒரு பக்கம் நீர் கோத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தை அடியில் போட்டுத்தான் படுப்பார்களாம். நல்ல பக்கம் மேலே இருந்தால்தான் அது தாராளமாக விரியுமாம். இதெல்லாம் மெஷின் விற்கிற அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

நோயாளி கொண்டுவரும் எக்ஸ்ரே படத்தை வாங்கி முதலில் மேஜையில் கவிழ்த்து வைப்பாள். படத்தைப் பார்த்துவிட்டுத் தட்டினால் கை படம் சொன்னதையே திருப்பிச் சொல்லும் என்பது அவள் கட்சி. தட்டி, ஸ்டெதஸ்கோப் குழாய் வைத்துக் கேட்டு, எந்த விலா எலும்பு வரைக்கும் நீர் நிற்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் படம் நிமிரும். இதற்காக அவளை யாரும் பழைய பஞ்சாங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்கேன் வைக்காமல் யாருக்கும் நீரெடுக்கிற ஊசியை இறக்க விடமாட்டாள். துணிக்கு மேலே தட்டுகிற மாணவர்கள்தான் அவளிடம் வகையாக மாட்டிக்கொள்வார்கள். "கதவைத் தட்டறியா? யாரும் வந்து திறக்க மாட்டாங்க. துணியை விலக்கு" என்பாள்.

நோயாளிகளுக்கு விளக்கம் சொல்வதிலும் அவளுக்கு ஒரு தினுசு உண்டு. நீர் நுரையீரலுக்கு உள்ளே இல்லை, நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவில் இருக்கிற உறையில் தேங்கியிருக்கிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் புரியாதவர்களுக்கு பஸ் சீட்டைக் காட்டுவாள். "ரெண்டு பேர் உக்கார்ற சீட்ல மூணாவது ஆள் வந்து இடிச்சுட்டு உக்காந்தா எப்படி இருக்கும்? அப்படித்தான். அந்த ஆளை எழுப்பிவிடறது பெரிய வேலை இல்ல. அவர் யாரு, எங்க ஏறினாருன்னு கண்டுபிடிக்கணும். இல்லேன்னா அடுத்த ஸ்டாப்புல திரும்ப ஏறுவாரு." நோயாளி தலையை ஆட்டுவார். பக்கத்துப் படுக்கைக்காரரும் சேர்ந்து ஆட்டுவார்.

இப்படி ஊரையே தட்டுகிறவளால் தட்ட முடியாத முதுகு ஒன்றே ஒன்று இருந்தது. அது அவளுடைய அக்காவின் முதுகு.

அக்கா கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறார். கற்றுத்தருபவரின் காலுக்கடியிலும் அந்தக் கார்களில் ஒரு பிரேக் உண்டு. அக்கா அதை மிதித்து யாரும் பார்த்ததில்லை, வாயாலேயே வண்டியை நிறுத்திவிடுவார். "கண்ணு எங்க இருக்கு, கண்ணாடி எங்க இருக்கு, கண்ணாடியில யார் வராங்க, அவங்களுக்கு வீடு வாசல் இருக்கா இல்லையா, உன்னை நம்பி ரோட்டுக்கு வந்தது அவங்க செஞ்ச பாவமா" என்று ஒரே மூச்சில் போகும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். வந்தால் அதே மூச்சில் நாங்கள் இரண்டு பேரும் திட்டு வாங்குவோம்.

அந்தத் திட்டுதான் முதலில் குறைந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள்கூட அக்காவுக்கு நல்ல பக்குவம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். அதைக் கேட்டு என் மனைவி சோற்றில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்குவமாவது ஒன்றாவது, "கண்ணாடி எங்க இருக்கு" என்பதோடு அக்காவுக்கு மூச்சு தீர்ந்துபோகிறது என்றாள். அதன் பிறகு ஞாயிறுதோறும் கதவுக்குப் பின்னால் நின்று படிக்கட்டுச் சத்தத்தைக் கேட்டாள். அக்கா நடுமாடியில் நிற்பார். நின்றதற்குக் காரணமாகப் பக்கத்து வீட்டுச் செருப்பு அலமாரியைக் குறை சொல்லிக்கொண்டே உள்ளே வருவார். சாப்பிட்டுவிட்டு சோபாவில் படுத்தால் எப்போதும் டிவியைப் பார்த்துத்தான் படுப்பார். இப்போது டிவிக்கு முதுகைக் காட்டி, வலது பக்கத்தை அடியில் போட்டுப் படுத்துக்கொண்டு, தொடரைக் காதால் பார்த்தார்.

தங்கை என்ன சொன்னாலும் அக்காவிடம் எடுபடவில்லை. நெஞ்சில் கனம் என்றால் அது வாயு, மூச்சு வாங்கினால் வயசு, சாயங்காலம் காய்ச்சல் அடித்தால் அது காரில் ஏசி கெட்டுப்போனதால். எல்லாவற்றுக்கும் மருந்துக்கடைக்காரர் மாத்திரை கொடுத்துவிட்டாராம். "உனக்கு மூக்குச் சளி தொடைச்சு விட்டவ நான். என் நெஞ்சைப் பாக்க வந்துட்டா" என்று முடித்துவிடுவார். கெஞ்சினாள், கோபித்தாள், ஒரு ஞாயிறு பேசாமலும் இருந்து பார்த்தாள். அக்கா அந்த ஞாயிறு நிம்மதியாகத் தூங்கிவிட்டுப் போனார். அக்கா போன பிறகு இவள் சோபாவில் அவர் படுத்திருந்த பள்ளத்திலேயே உட்கார்ந்து அழுதாள். காத்திருக்கக் காத்திருக்க உள்ளே என்னவெல்லாம் ஆகும் என்பது அவளுக்குத்தானே தெரியும்.

அடுத்த ஞாயிறு கிளம்பும்போது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அக்காவைத் திடீரென்று கட்டிக்கொண்டாள். இவர்கள் கட்டிக்கொள்கிற குடும்பம் இல்லை. பத்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் 'சாப்டியா' என்று கேட்டு முடித்துக்கொள்கிற வம்சம். அக்கா கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பையையும் குடையையும் பிடித்தபடி நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். முதுகில் ஒரு விரல் படுத்தது, இன்னொரு விரல் கொட்டியது. துணிக்கு மேலேதான். மாணவன் யாராவது பார்த்திருந்தால் அவள் மானம் போயிருக்கும். இடது பக்கம் காற்றுள்ள சத்தம், அடிவரைக்கும். வலது பக்கம் தோள்பட்டையைத் தாண்டி இறங்கியதும் சத்தம் செத்துவிட்டது. கல்லைத் தட்டுவது போல இருந்தது, எனக்கே கேட்டது.

விரலை எடுத்துவிட்டு உள்ளங்கையைப் பதித்தாள். "உன் போன் நம்பர் என்னக்கா, மறந்துட்டேன்" என்றாள். தினமும் பேசுகிற நம்பர். அக்கா அதிசயப்பட்டுக்கொண்டே, நடுவில் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். இவள் கையை மறு பக்கத்துக்கு மாற்றி, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். ஆள் பேசும்போது முதுகு அதிரும். நடுவில் நீர் நின்றால் அந்த அதிர்வு கைக்கு வராது. வரவில்லை என்பதை அக்காவின் தோளுக்கு மேலே தெரிந்த அவள் முகத்தில் பார்த்தேன்.

"கொஞ்சறவங்க ஒரே எடத்துல தட்டுவாங்க. நீ என்னடி, படி எறங்கிட்டுப் போறே?" என்றார் அக்கா.

"வலது பக்கம் நீர் கோத்திருக்குக்கா. பாதி முதுகுக்கு இருக்கு."

அக்கா அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, குடையை நீட்டி ஆரம்பித்தார். "கட்டிப்புடிக்கிற சாக்குல என்னை ஏமாத்தி, நான் என்ன உன் வார்டுல படுத்திருக்கற" என்றதோடு நின்றது. வாய் திறந்திருந்தது, குடை நீட்டியபடி இருந்தது, மீதி வரவில்லை. நாங்கள் இருவரும் காத்திருந்தோம். வாங்கவேண்டிய திட்டு வராமல் நின்றதற்காக என் வாழ்க்கையில் முதல்முறையாகக் கலங்கினேன். அக்கா மெல்லப் படிக்கட்டில் உட்கார்ந்தார். நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "நீ பாக்கக் கூடாது. வேற யாராவது படிச்சவங்க பாக்கட்டும்."

படித்தவராக வந்தவர் இவளிடம் படித்தவர்தான். அதை அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் வலது நெஞ்சின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையின் விளிம்பு ஓரத்தில் வளைந்து மேலேறியிருந்தது. ஸ்கேனில் நீர் கறுப்பாகத் தெரிந்தது. அதற்குள் சுருங்கிய நுரையீரலின் நுனி மீன் வாலைப் போல அசைந்துகொண்டிருந்தது. அக்காவைத் தலையணைமேல் கவிழ்ந்து உட்காரவைத்து, முதுகை மரத்துப்போகச் செய்து ஊசி இறக்கினார்கள். உள்ளே போகக் கூடாதவள் வெளியே வராந்தாவில் இரும்பு அலமாரியைத் தட்டிக்கொண்டிருந்தாள். மேல்தட்டுகள் காலி, கீழே நிறைய இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். நர்ஸ் வந்து வைக்கோல் நிறத்தில் நீர் இருந்த குழாயைக் காட்டினார். இவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாவது ஆள் இருப்பது தெரிந்தாகிவிட்டது. யார் என்பதுதான் பாக்கி. இருதயமாக இருக்கலாம், சிறுநீரகமாக இருக்கலாம், கிருமியாக இருக்கலாம். இன்னொன்றாகவும் இருக்கலாம். அதன் பெயரை அவள் வீட்டில் சொல்லவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு என்னைவிடப் பயம், என்னென்ன இருக்கலாம் என்று தெரிந்தவள் ஆயிற்றே. நீரையும் உறையிலிருந்து எடுத்த துணுக்கையும் சோதிக்கிற அந்த நாட்களில் அவள் எதையும் தட்டவில்லை. தர்பூசணியை நானே பொறுக்கி வாங்கிவந்தேன். வெட்டினால் உள்ளே வெள்ளையாக இருந்தது. அதையே சாப்பிட்டோம்.

முடிவு வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். நான் கணக்கு வாத்தியார், பாடத்தின் நடுவே போனை எடுப்பவன் இல்லை. அன்று எடுத்தேன். "டிபிங்க. வெறும் டிபி" என்று கத்தினாள், முன்வரிசைக்கே கேட்டிருக்கும். நோயாளிகளிடம் அந்தப் பெயரைக் குரல் தாழ்த்திச் சொல்கிறவள், மாத்திரையால் தீர்த்துவிடலாம் என்பதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நானும் அதே சிரிப்போடு பிள்ளைகளிடம் திரும்பி, போட்டிருந்த கணக்கைத் தப்பாக முடித்தேன். "டிபி வந்ததுக்கு ஒரு குடும்பமே கொண்டாடறத இங்கதான் பாக்கறேன்" என்று அக்கா மருந்துக்கடைக்காரரிடம் புகார் செய்தாராம். சளியில் கிருமி இல்லை, பிறருக்குத் தொற்றுகிற வகை இல்லை என்று சொன்ன பிறகு தன் கார்ப் பள்ளிக்கும் போய்வந்தார். மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும், முதல் நாள் காலையில் போன் செய்து எங்கள் இருவரையும் எழுப்பி, ரத்தம் ரத்தம் என்று அலறினார். மாத்திரை மட்டும் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

ஆறு மாதம் முடிந்து கடைசிப் பரிசோதனைக்கு அக்காவை அழைத்துப்போனேன். வேறு படித்தவர் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. தங்கையின் அறைக்கு வெளியே மற்ற நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்தார். முறை வந்ததும் உள்ளே போய் ஸ்டூலில் அமர்ந்து, தானே முதுகைத் திருப்பினார். வழக்கத்துக்கு மாறாக முதலிலேயே வெளிச்சப் பெட்டியில் மாட்டியிருந்த படம் சுத்தமாக இருந்தது. அதற்கு மேல் பார்க்க எதுவும் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

என் மனைவி குழாயைக் காதில் மாட்டினாள். ஏனோ கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். குனிந்து, அக்காவின் வலது முதுகில், கீழே, வெறும் காதை வைத்தாள்.

"இழுக்கா" என்றாள். அக்கா ஆழமாக மூச்சை இழுத்தார். அதன்பின் வரவேண்டிய 'விடு' வரவில்லை. அக்கா கன்னம் உப்பியபடி என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"விடலாமாடி?" என்று ஒருவழியாகக் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் விட்டார். சொல்லாமலேயே இன்னொன்று இழுத்தார். அதையும் விட்டார்.

அடுத்தவரை அனுப்பலாமா என்று நர்ஸ் கதவைத் திறந்தார். என் மனைவி கண்ணைத் திறக்கவில்லை, முதுகிலிருந்து காதையும் எடுக்கவில்லை. கையை மட்டும் கதவுப் பக்கம் தூக்கி, கொஞ்சம் பொறு என்று காட்டினாள்.