பிலிப்பு கட்டிய மரப்பாலம்

ஹாலிஎல கடைத்தெருவைத் தாண்டிப் பதுளைப் பக்கமாக வந்தால், பெரிய வீதியிலிருந்து ஒரு கிராமச் சபைப் பாதை ஆற்றுக்கு இறங்கும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் என் கடை. அந்தப் பக்கம் சின்னமலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்க்கணக்கு, அதாவது கீழ்ப்பிரிவு. லயம் என்னும் வரிசை வீடுகள் ஆறு, நூறு குடும்பம். அரிசி, மாவு, மண்ணெண்ணெய், தபால், மாதா கோயில், பிணம் அடக்கும் சேமக்காலை, ஆஸ்பத்திரி எல்லாமே அவர்களுக்கு இந்தப் பக்கம்தான். நடுவில் வெள்ளைக்காரன் காலத்துப் பாலம் ஒன்று இருந்தது.

என் பெயர் நிஸாம். கையெழுத்து சுமாராக இருக்கும், சிங்களமும் தெரியும் என்பதால் அந்தக் காலத்தில் ஊர் மனுக்களெல்லாம் என் கடை மேசையில்தான் எழுதப்பட்டன. மனுவைத் தவிர வேறெதுவும் எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் பிலிப்பைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. இப்போதிருக்கும் பாலத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அதில் பெரிய மனிதர்கள் நாலு பேர் பெயர் இருக்கிறது, அவர் பெயர் இல்லை.

பிலிப்பு தோட்டத்தில் ரோட்டு வேலைக்காரர். பாதையோரத் தண்ணீர்க் கான் வெட்டுவது, மண் சரிந்தால் அள்ளுவது, கல் அடுக்கிக் கட்டுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளை வேட்டியோடு போகும்போதும் கானில் சருகு அடைத்திருந்தால் குனிந்து எடுத்துப் போட்டுவிட்டுத்தான் போவார். தண்ணீர் தன் வழியில் போனால் பாதை தன் இடத்தில் இருக்கும் என்பார். மனைவி அகஸ்டினா இறந்த பிறகு அவருக்கு மிச்சமிருந்தது ஒரே மகள், மரியகொரட்டி. கொழுந்து பறிப்பவள், புருஷனுக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை. கடைக்கு வந்தால் என்னைச் சிரிக்க வைக்காமல் போகமாட்டாள். தராசைக் கண்டால், "மொதலாளி, வெரல எடுத்துட்டு நிறுங்க" என்பாள். வாய்த்துடுக்கு.

அவளுடைய முதல் பிரசவம் லயத்திலேயே நடந்து, பிள்ளை தங்கவில்லை. அவளைப் பாலத்தால் தூக்கி வந்து பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பாதி உயிர்தான் இருந்தது. பிழைத்தாள். அடுத்த பிள்ளையை லயத்தில் பெறவே கூடாது, வலி கண்டதும் இங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டர் பிலிப்பிடம் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார்.

அறுபத்தேழாம் ஆண்டு மார்கழியில் ஒன்பது நாள் விடாமல் மழை. ஆறு பாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அப்போது கொரட்டிக்கு ஐந்தாம் மாதம்.

தோட்டத்துக் கம்பெனி அலட்டிக்கொள்ளவில்லை. அவர்களுடைய தேயிலைப் பெட்டி மேல்கணக்கு மலைப்பாதையால் லொறியில் தெமோதரை ஸ்டேஷனுக்குப் போய்விடும். கீழ்க்கணக்குச் சனங்கள் அரிசி வாங்க ஏழு மைல் சுற்றினால் கம்பெனிக்கு என்ன? பாலம் கிராமச் சபையுடையது என்றார் தோட்டத்தை நடத்திய துரை. கிராமச் சபையோ, அதில் நடப்பதெல்லாம் தோட்டத்தார் என்றது. குடியுரிமை பறிக்கப்பட்ட அந்தத் தோட்டத்தாருக்கு அன்று வாக்கும் கிடையாது, நாடும் கிடையாது. வாக்கில்லாதவனுக்குப் பாலம் எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் வெள்ளத்தில் உடைந்த பாதை, பாலங்களைத் திருத்த அரசாங்கம் பணம் ஒதுக்கியிருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். நான் மனு எழுதினேன். நூறு பெருவிரல் அடையாளம். பிலிப்பு ஒவ்வொரு வாசலுக்கும் மைப்பெட்டியோடு போய் வாங்கி வந்தார். மூன்று கிழமையில் பதுளைக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தை மாதம் இருபதாம் திகதி இன்ஜினியர் நேரில் வந்து பார்ப்பார், பார்த்த பிறகு பணம் முடிவாகும்.

இந்த இடத்தில் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனியிலிருந்து பெரிய துரை பார்வைக்கு வருகிறார் என்றால், ஒரு கிழமைக்கு முன்பே லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். குழிகளை நிரப்புவார்கள். ஒழுகும் கூரையில் தகரம் வைப்பார்கள். குறை கண்ணில் பட்டால் வசவு, படாவிட்டால் சபாஷ். நூறு வருஷமாக அப்படித்தான். பார்க்க வருகிறவர் குறையைப் பார்க்கவே வருகிறார் என்பது அந்தச் சனங்களுக்குப் பழக்கமில்லாத விஷயம்.

தலைவர் வீரய்யா கூட்டம் போட்டார். தோட்டத் தொழிற்சங்கத்துத் தலைவர், நல்ல மனுஷன்.

"கச்சேரி பெரியவரு நம்மளத் தேடி வர்றாரு. அவரு சப்பாத்தோட தண்ணியில எறங்கணுமா? நம்மளுக்கு அது மரியாதையா?"

ஒருவரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. படித்தவன், மனு எழுதியவன், எனக்காவது உறைத்திருக்க வேண்டாமா? விரிப்பதற்குக் கடையிலிருந்து வெள்ளைத் துணி கிழித்துக் கொடுத்தேன். அந்தத் துணியை நினைத்தால் இன்றைக்கும் என் மீதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

பாலம் கட்டும் பொறுப்பு பிலிப்புடையது. துரையிடம் கேட்டு நாலு யூக்கலிப்டஸ் மரம் வெட்டினார்கள். மரத்தை ஆற்றுக்குக் குறுக்கே போட்டு, இரு கரையிலும் கல்லடுக்கி, இரும்புக் கயிற்றால் இறுக்கி, மேலே மூங்கில் பரப்பி, மண் கொட்டித் திமிசால் இடித்தார். வேலை முடிந்த ஒவ்வொரு பின்னேரமும் இருட்டும்வரை அங்கேயே கிடந்தார். கொரட்டி தேத்தண்ணீர் கொண்டுவந்து கரையில் உட்கார்ந்திருப்பாள்.

"அப்பா, இம்புட்டு நல்லாக் கட்டினா இஞ்சினியரு ஒங்களையும் பதுளைக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு" என்றாள் ஒருநாள்.

"ஒன்னய ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போறேன், இரு" என்றார் அவர்.

இன்ஜினியர் வந்தார். வாழைமரத் தோரணம், வெள்ளைத் துணி, மாலை, தெம்பிலி இளநீர். பாலத்தின் மேல் நடந்தார். நின்று குதித்துப் பார்த்தார். பிறகு ஜீப்பையே ஓட்டச் சொன்னார். ஜீப் போய்த் திரும்பி வந்தது. யார் கட்டியது என்று கேட்டார். பிலிப்பை முன்னால் தள்ளினார்கள்.

"ஹொந்த வெட" என்று அவர் தோளில் தட்டினார். நல்ல வேலை என்று சிங்களத்தில் பாராட்டு. பிலிப்புக்கு முகமெல்லாம் சிரிப்பு. அன்று நாங்கள் எல்லாரும் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனோம்.

மாசி கடைசியில் கடிதம் வந்தது. பிலிப்பு ஓடி வந்தார், மண்வெட்டியைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"என்னா போட்டிருக்கு மொதலாளி?"

மேற்படி பாலம் வாகனமும் செல்லக்கூடிய நல்ல நிலையில் இருப்பது நேரில் காணப்பட்டதால், வெள்ளத் திருத்த நிதியில் அது சேர்க்கப்படவில்லை. இதுதான் கடிதம். அதை அவருக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல எனக்கு நேரம் எடுத்தது.

"பாலம் நல்லா ஈக்கி எண்டு எழுதியிருக்காங்க பிலிப்பண்ணே. சல்லி வேற எடத்துக்குப் போயிட்டு."

அவர் கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசிக்கத் தெரியாது அவருக்கு.

"அப்ப நா நல்லாக் கட்டிட்டேனா மொதலாளி?"

நான் தாளை எடுத்தேன். வேறு மனு எழுதினேன். அடுத்த வருஷ மதிப்பீட்டில் கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. பிலிப்பு தினமும் பின்னேரம் போய் மரங்களைத் தட்டிப் பார்த்தார், கயிற்றை இறுக்கினார். பச்சை மரமும் மண்ணும் ஒரு பெருமழைக்குத் தாங்காது என்று அவருக்குத் தெரியும். எனவே ஒரு முடிவுக்கு வந்தோம். சித்திரைக் கடைசியில் கொரட்டிக்கு நாள். ஈஸ்டர் முடிந்த மறுநாளே அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவது. என் மனைவி ஸுலைஹா அறையை ஒதுக்கிக் கட்டிலும் போட்டுவிட்டாள்.

பிள்ளைக்கு எங்கள் ஏற்பாடு தெரியாதே. பெரிய வெள்ளிக்கு முந்திய வியாழன் மத்தியானம் கொரட்டிக்கு வலி வந்துவிட்டது. அதே மத்தியானம் மலையில் மழை கொட்டியது. தோட்டத்து லொறி தெமோதரைக்குப் போயிருந்தது. அவர்கள் கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டி, அவளை அதில் கிடத்தி ஆற்றுக்குக் கொண்டு வந்தார்கள். முன்னால் அவள் புருஷன், பின்னால் பிலிப்பு. கரைக்கு வந்தபோது பாலத்தில் ஒரே ஒரு மரம் மிச்சமிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போனது.

இந்தக் கரையில் நான் வாடகைக் கார் பிடித்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். நடுவில் நாற்பதடித் தண்ணீர். மூன்று முறை பிலிப்பு கயிற்றை இடுப்பில் கட்டி இறங்கினார். மூன்று முறையும் இழுத்துக் கரையில் போட்டார்கள். ஆற்றுச் சத்தத்தில் அவள் கத்தியது எனக்குக் கேட்கவில்லை, வாய் திறப்பது மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. தாயும் பிள்ளையும் அந்தக் கரையிலேயே முடிந்துபோனார்கள். நான் கார்க் கதவை மூடினேன்.

சனிக்கிழமை தண்ணீர் தொடை அளவுக்கு வற்றியது. சேமக்காலை இந்தப் பக்கம் அல்லவா? பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கி நடந்து வந்தார்கள். பிலிப்பு அழவில்லை. பெட்டியில் தண்ணீர் படாமல் தூக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அதன் பிறகு பத்து வருஷம் பிலிப்புதான் அந்தப் பாலம். ஒவ்வொரு மழைக்கும் மரம் போகும், அவர் மறுபடி போடுவார். மருமகன் வேறு கல்யாணம் செய்து எல்ல ஊர்ப் பக்கம் போய்விட்டான். பிலிப்புக்குப் பேச்சு குறைந்தது. கடைக்கு வருவார், தராசைப் பார்ப்பார், போவார்.

இதற்கிடையில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. துரைகள் போய் வேறு துரைகள் வந்தார்கள். எழுபத்தேழு கடைசியில் மறுபடி பெருவெள்ளம், மறுபடி நிதி, மறுபடி என் மனு. மறுபடியும் இன்ஜினியர் பார்க்க வருவதாகக் கடிதம். வழக்கம் மட்டும் மாறவில்லை. புதுத் துரை சுண்ணாம்பு இறக்கினார். வீரய்யாவுக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் வாழைமரம் வெட்ட ஆள் அனுப்பினார். நான் துணி கொடுக்க மாட்டேன் என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை.

இன்ஜினியர் வரும் அன்று காலையில் கடையைத் திறந்தால் ஆற்றில் டங் டங் என்று சத்தம். பிலிப்பு அலவாங்குக் கடப்பாரையோடு தண்ணீரில் நிற்கிறார். தானே போட்ட கல்லைத் தானே நெம்புகிறார். மரங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுகிறார். அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. எங்கிருந்துதான் அந்த வலு வந்ததோ.

வீரய்யா கரையில் நின்று கத்தினார். "ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? பெரிய மனுசன் வர்ற நேரத்துல நம்ம மானத்த வாங்குறியே!"

"போகட்டும் தலைவரே" என்றார் பிலிப்பு. "மானந்தானே, போகட்டும்."

கடைசி மரமும் போன பிறகுதான் ஜீப் வந்தது. இன்ஜினியர் சின்ன வயது. இந்தக் கரையில் நின்று, எப்படி அக்கரை போவது என்று என்னிடம் கேட்டார். சனங்கள் இப்படித்தான் போகிறார்கள் என்று தண்ணீரைக் காட்டினேன். அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினார். பிலிப்பு எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நடு ஆற்றில் தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது இன்ஜினியர் ஆடிப்போய், பிலிப்பின் தோளை இரண்டு கையாலும் பற்றினார். அக்கரை ஏறியதும் புதிதாகப் பெயர்த்த கல்லைப் பார்த்துவிட்டார். கெட்டிக்காரர்.

இங்கே பாலம் இருந்திருக்கிறதே, இன்றைக்குத்தானே உடைத்திருக்கிறீர்கள், ஏன் என்று சிங்களத்தில் கேட்டார். பின்னாலேயே நனைந்துகொண்டு போயிருந்த நான் பிலிப்புக்குச் சொன்னேன்.

பிலிப்பு அலவாங்கைக் கீழே வைத்தார்.

"போன தடவ நல்லாக் கட்டிட்டேங்க மாத்தயா. அதனால பாலம் வரல. எம் மக இந்தா, ஒங்க கால் இருக்கிற எடத்துலதான் செத்தா."

இதைச் சிங்களத்தில் சொல்லப் பார்த்தேன். இரண்டு முறை தொடங்கி, மூன்றாவது முறை சொன்னேன். இன்ஜினியர் தன் காலைப் பார்த்தார். இரண்டடி தள்ளி நின்றார். பிறகு புத்தகத்தை எடுத்து அங்கேயே எழுதத் தொடங்கினார். நனைந்த கையால் எழுதியதால் தாள் ஒட்டிக்கொண்டது.

அந்த வருஷமே பணம் வந்தது. அடுத்த வருஷம் கொங்கிறீட் பாலம். திறப்பு விழாவுக்குத் தோரணம் கட்டினார்கள், இந்த முறை கட்டட்டும் என்று பிலிப்பு சொன்னார். ஆனால் விழாவுக்கு அவர் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் பாலத்துக்குப் பக்கத்தில் கான் வெட்டிக்கொண்டிருந்தார்.

எண்பத்தொன்றில் இறந்தார். கொரட்டியின் குழிக்குப் பக்கத்தில் இடம் கேட்டு வைத்திருந்தார். அன்றைக்கும் நல்ல மழை, ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. கீழ்க்கணக்கு முழுவதும் பெட்டியோடு பாலத்தால் நடந்து வந்தது. தூக்கியவர்கள் ஒருவருக்கும் ஆற்றில் கால் நனையவில்லை.