ஏலத்தில் போன வர்ணப் பெட்டி

ஆண்டவருடைய பிள்ளைகளே, என் ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது. அது எந்த ஜெபத்துக்கான பதில் என்பதில்தான் எனக்கு இன்றுவரை குழப்பம்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த சமயம். அதுவரை கடலுக்குள் நிற்கும் கப்பல்களிலிருந்து தோணிகள்தான் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். நான் ஒரு தோணிக் கம்பெனியில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. கப்பல்கள் நேராகக் கரையில் அணையத் தொடங்கியதும் என் வேலை போயிற்று. மில்லர்புரத்து வீட்டைக் காலி செய்து முத்தையாபுரத்தில் ஒற்றை அறைக்கு வந்தோம். உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கறியை விட்டேன். சைக்கிளை விற்றேன். படம் வரைவதை மட்டும் விட முடியவில்லை. கரையில் சும்மா கிடக்கும் தோணிகளைப் போய்ப் போய் வரைவேன். "வயித்துக்கே வழியில்ல, இதுல வானத்துக்கு நீலம் வேற" என்பாள் என் மனைவி எஸ்தர். எனக்கே வெட்கம். ஒரு நாள் வர்ணம் தாரும் என்று ஜெபிப்பேன். மறுநாள் இந்த ஆசையையே எடுத்துப்போடும் என்று அழுவேன். அவர் எதைத்தான் கேட்பார்?

கடைசியில் நானே முடிவு செய்தேன். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு எங்கள் சபையில் காய், கோழி என்று அவரவர் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும். என் தகர வர்ணப் பெட்டியைப் பூசணிக்காய்களுக்கு நடுவில் வைத்துவிட்டேன். விட்டது தொல்லை என்றிருந்தது. அழுகையும் வந்தது.

மளிகைக்கடை அண்ணாச்சி பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "தகரம் கெட்டியா இருக்கு. கிராம்பு போட்டு வைக்கலாம்" என்று ஏலம் கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் அதற்கு மேல் கேட்டது. எஸ்தர்! அவர் ஏற்ற, இவளும் ஏற்றினாள். கிறிஸ்துமஸ் சேலைக்கு அவள் சேர்த்தது முழுவதும் போயிற்று.

சபை உபதேசியாரிடம் ஓடினேன். "ஐயா, ஆண்டவருக்குக் குடுத்தத திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோலாமா?"

"நீ குடுத்த, அவரு வாங்கிக்கிட்டாரு தம்பி. இப்ப அது அந்தப் பிள்ளைக்கு உள்ளது. அவகிட்ட கேளு."

கேட்டேன். "ஏளா, ஏன் எடுத்த?"

"கிராம்பு போடப் போறேன்னு சொல்லுதாரு. எனக்குப் பொறுக்கல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பெட்டி இன்றும் அவளுடையதுதான். சனிக்கிழமை மத்தியானம் எனக்குத் தருவாள். மூன்று வர்ணம்தான் மிச்சம். கறுப்புக்கு அடுப்புக்கரி, தாளுக்குப் பழைய காலண்டரின் பின்பக்கம். எல்லாம் இருந்த நாளில் வரைந்ததைவிட அதிகம் வரைகிறேன். எப்படி என்று புரியவில்லை.

நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள். மாற்றி மாற்றிக் கேட்டாலும் அவர் கோபிப்பதில்லை. புரிந்த பிறகு ஸ்தோத்திரம் சொல்லலாம் என்று இருந்துவிடாதீர்கள். நான் புரியாமல்தான் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு எஸ்தர் பழைய நீலச் சேலையில் கோயிலுக்கு வந்தாள். அடுத்த சனிக்கிழமை அவளை அந்தச் சேலையிலேயே வரைந்தேன். நீலம் தீரப்போகிறதே என்று பார்த்துப் பார்த்துத் தொட்டேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"சாயம் போனது அப்படியே தெரியுது. நீலத்தக் கொஞ்சம் தாராளமாப் போடுங்க" என்றாள்.