பின்னால் போன பாய்மரப் படகு

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த என் மச்சான் தீவன விஷயமாகக் கொச்சிக்குப் போனார். திரும்பும்போது லாரியில் ஒரு பழைய பாய்மரப் படகோடு வந்து இறங்கினார். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. படகின் டீசல் இன்ஜின் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. நான் அப்போது கணபதியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச்சுருள் கட்டும் பட்டறை நடத்திவந்தேன்.

"மாப்ள, நம்மூரு படகுல டீசல் நாத்தம் அடிக்கலாமுங்களா? கரண்டு மோட்டாரு வெச்சுக் குடுத்துப்போடுங்க" என்றார்.

"பாய் இருக்குதுங்களே மச்சான்?"

"காத்து எப்ப வருமுன்னு யாரு உக்காந்திருக்கறதுங்க?"

மில்லில் கழித்துப் போட்ட பேட்டரி வண்டியின் மோட்டாரை வாங்கி, இன்ஜின் இருந்த குழியில் உட்கார வைத்தேன். லாரி பேட்டரிகளைப் பலகைக்கு அடியில் அடுக்கினோம். பண்ணையில் ஓட்டிப் பார்த்தபோது படகின் அடியில் இருந்த விசிறி சத்தமே இல்லாமல் சுற்றியது. பக்கத்தில் மேய்ந்த கோழி தலையைக்கூடத் திருப்பவில்லை.

ஆடியில் அணைத் தண்ணீர் சிறுமுகைப் பக்கம் ஏறியிருந்தது. படகை லாரியில் கொண்டுபோய் அங்கே இறக்கினோம். வழியில் ஆடாமல் இருக்கக் கழற்றி வைத்திருந்த வயர்களை நான் மாட்டப் போனேன். நல்ல நேரம் முடிகிறது என்று மச்சான் என்னைத் தள்ளிவிட்டுத் தன் கையாலேயே மாட்டினார். அவர் மனைவியான என் அக்கா பாயைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார்.

மச்சான் மோட்டார் ஸ்விட்சைத் திருகினார். சத்தம் இல்லை.

"ஏனுங்க, ஓடுதுங்களா?" என்று அக்கா கேட்டார்.

ஓடவில்லை என்று நினைத்து மச்சான் முழுசாகத் திருகிவிட்டார். வயரை மாற்றி மாட்டியிருந்ததால் படகு பின்பக்கமாகக் கிளம்பியது. பின்னால் எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தன. டீசல் இன்ஜினாக இருந்திருந்தால் சத்தத்துக்கே அவை ஓடியிருக்கும். இது பூனை மாதிரி போனது. அவை அசைபோட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தன.

"ஓய்! எருமை! எருமை!" என்று மச்சான் கத்தினார்.

கரையில் நின்ற எருமைக்காரர், "அதுக்குத் தெரியுமுங்க, நீங்க நிறுத்துங்க" என்றார்.

பதற்றத்தில் நான் வயரைப் பிடுங்கினேன். பெரிய எருமை ஒன்று எங்களை முதுகால் ஒரு தள்ளு தள்ளியது. மேற்குக் காற்றும் சேர்ந்துகொள்ள, படகு நடுத் தண்ணீருக்குப் போய்விட்டது. பிடுங்கிய வேகத்தில் வயர் முனையே முறிந்திருந்தது.

அக்கா எழுந்து பாயை உதறினார். "புடிங்க தம்பி. காத்து எங்க கொண்டுபோகுதோ, அங்க கரைன்னு ஒண்ணு இருக்குமல்லங்க?"

இருந்தது. ஆனால் எதிர்க்கரை. சேற்றில் இறங்கி, வாழைத்தோட்டம் தாண்டி பஸ் பிடித்தோம். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே வந்தார். கண்டக்டர் மச்சானின் சேற்று வேட்டியைப் பார்த்து, "நாத்து நட்டுப்போட்டு வாரீங்களாங்க?" என்றார்.

"ஆமாங்க" என்றார் மச்சான், ரொம்ப மரியாதையாக.