டயருக்குள் உப்புத் தண்ணீர்

காணும் பொங்கலன்று எங்கள் டிராக்டர் தோற்றுப்போனது, பிள்ளைகளே.

தோற்றதுகூடப் பெரிய விஷயமில்லை. தோற்கச் சொன்னது யார் தெரியுமா? ஜெயித்தே ஆக வேண்டும் என்று மாதக்கணக்கில் என் உயிரை வாங்கிய என் மகள் ஜெனி!

எங்கள் டிராக்டருக்கு என் கல்யாணத்தைவிட வயது அதிகம். மரக்காணம் உப்பளத்திலிருந்து மூட்டைகளை ரோட்டுக்கு இழுத்து வருவதுதான் அதற்கு வேலை. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதும் அதனால்தான். மழைக்காலத்தில் சும்மா நிற்கும். பொங்கல் முடிந்தால் சீசன்.

பொங்கலுக்கு ஊர் இளைஞர்கள் இழுவைப் போட்டி வைப்பார்கள். பனைமரத் துண்டுகள் மேல் பலகை அடித்த ஒரு சறுக்கு. அதை டிராக்டரில் கட்டி மணலில் இழுக்க வேண்டும். சுமை என்ன? மனுஷர்கள்தான்! வழி நெடுக ஆட்கள் நிற்பார்கள். சறுக்கு பக்கத்தில் வர வர இரண்டிரண்டு பேராக ஏறிக்கொள்வார்கள். யார் ஏறுவது என்று முடிவு செய்வது எதிர் அணி. ஒல்லியான ஆளையா அனுப்புவார்கள்? எங்கள் ஊர் பரோட்டா மாஸ்டருக்கு அன்றைக்குக் கிடைக்கிற மரியாதை எம்.எல்.ஏ.வுக்குக்கூடக் கிடைக்காது.

நாங்கள் அந்தப் பக்கமே போனதில்லை. ஆனால் ஜெனியின் வகுப்பில் படிக்கிற காவ்யா ஒரு நாள் சொல்லிவிட்டாள்: "உங்க வண்டி இருமிக்கிட்டே போவுதுடி!"

வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. "இந்த வாட்டி நாமளும் இழுக்கலாம்ப்பா. அதுக்கும் பவர் இருக்குதுன்னு காட்டணும்ப்பா."

பழைய டீசல் எஞ்சினுக்குப் புதிதாகப் பவர் எங்கிருந்து வரும்? மெக்கானிக் பாஷா பாயைக் கூப்பிட்டேன். பானெட்டைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

"பவர் எங்கயும் போவலைங்க. மூச்சு வுட முடியாம கெடக்குது."

ரேடியேட்டர் முழுக்க உப்பும் சேறும். ஏர் ஃபில்டரில் இருந்த ஆயில் களிம்பு மாதிரி இறுகியிருந்தது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினோம். ஜெனி பழைய டூத் பிரஷ்ஷை வைத்துச் சந்துபொந்தெல்லாம் தேய்த்தாள். பாஷா பாய் ஃபில்டர் ஆயிலை மாற்றி, டாப்பெட்டில் வால்வுகளின் இடைவெளியைச் சரி செய்தார். ஸ்டார்ட் செய்தால்... இருமலே இல்லை!

அதோடு நின்றிருக்கலாம். நின்றோமா?

மணலில் சக்கரம் சும்மா சுற்றாமல் இருக்கப் பின் டயரில் தண்ணீர் நிரப்பிக் கனம் ஏற்றுவார்கள். என் மனைவி ஸ்டெல்லா உப்பள வேலைக்காரி. அவள் சும்மா இருப்பாளா? "வெறுந்தண்ணி எதுக்கு? உப்புத் தண்ணி இன்னும் கனம். நம்மகிட்ட இல்லாத உப்பா?" போன சீசனில் மிஞ்சியதை டிரம்மில் கரைத்து டயருக்குள் விட்டோம்.

ஜெனிக்கு அதுவும் போதவில்லை. "இன்னும் கொஞ்சம் பவர் வேணும்ப்பா."

பாஷா பாய் தயங்கினார். "பம்ப்ல ஒரு ஸ்க்ரூ இருக்குது. லேசா திருப்பினா டீசல் அதிகமா எறங்கும். பவர் வரும், சூடும் கூடவே வரும். சூடு காட்டுற முள்ளு செவப்புக்குப் போச்சுன்னா வுட்டுடுங்க. மீறி மிதிச்சா பிஸ்டன் ஒட்டிக்கும், எஞ்சின் அவ்வளவுதான்."

ஸ்டெல்லா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சீசன் நேரத்துல வண்டி படுத்துச்சுன்னா அப்பாவும் பொண்ணும் மூட்டையைத் தலையில தூக்குவீங்களா?"

"ஒண்ணும் ஆவாதும்மா..." என்றாள் ஜெனி. திருப்பிவிட்டோம்.

போட்டியன்று கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டோம்! எதிரில், உள்நாட்டு கிராமத்திலிருந்து வந்த தனசேகர். புது டிராக்டர். அவர் இழுத்து நின்ற இடத்தில் கம்பு நட்டார்கள். அதைத் தாண்டினால் எங்களுக்குக் கோப்பை.

இழுத்தேன். ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். பரோட்டா மாஸ்டர் ஏறினார், கூடவே தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு. கரும்புகை கண்ணை மறைத்தது. கம்பு இதோ... இதோ... கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு வெளியே ஜெனி கூடவே ஓடி வந்தாள். "மிதிப்பா! மிதிப்பா!"

முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பார்த்தேன். ஆனாலும் கால் எடுக்க மனசு வரவில்லை. மகள் கேட்கிறாளே!

அப்போது எஞ்சினுக்குள் 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். ஜெனி பிறந்த நாளிலிருந்து அந்த எஞ்சின் சத்தத்தில் தூங்கியவள். சட்டென்று நின்றுவிட்டாள்.

"வேணாம்ப்பா! வுட்டுடுப்பா! அதுக்கு முடியலப்பா!"

காலை எடுத்தேன். கம்புக்கும் எங்களுக்கும் ஒரு பாய் விரிக்கிற தூரம்தான்.

"என்ன மாமா, வண்டிக்கு மூட்டு வலியா?" என்று தனசேகர் கத்த, கூட்டமே சிரித்தது. பாஷா பாய் ஓடி வந்தார். "ஆஃப் பண்ணாதீங்க, மெதுவா ஓட வுடுங்க." காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். ஸ்டெல்லா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பொழச்சிச்சு" என்றார்.

அப்புறம்தான் ஜெனி அழுதாள். சூட்டில் தொட முடியாத பானெட்டுக்கு மேலே கையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். காவ்யா மெல்லப் பக்கத்தில் வந்து, "ஏய் ஜெனி... இருமவே இல்லடி" என்றாள்.

பிள்ளைகளே, பெரியவர்கள் நாங்களும் உங்களைப் பார்த்து 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டேதான் இருக்கிறோம். எங்கே அடைத்திருக்கிறது என்று பானெட்டைத் திறந்து பார்க்கிறோமா? முடியவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். ஜெனிக்குக் கேட்ட அந்த 'டக் டக்' எங்களுக்கும் கேட்க வேண்டும்.

ஸ்க்ரூவைப் பழையபடி திருப்பியாயிற்று. சீசனும் தொடங்கிவிட்டது. டயரில் இருக்கிற உப்புத் தண்ணீரை மட்டும் இறக்க முடியவில்லை. வால்வு முழுக்க உப்பு பூத்து அடைத்துக்கொண்டது! டயரையே கழற்றினால்தான் உண்டாம். சீசனில் அதற்கு ஏது நேரம்?

"பாவம்ப்பா" என்றாள் ஜெனி. "காலெல்லாம் உப்போட வேலை செய்யுது."

உப்புப் பாத்தியிலிருந்து கரையேறி வந்துகொண்டிருந்த ஸ்டெல்லாவின் பாதங்களைப் பார்த்தேன். எங்கள் ஊரில் யார் காலில்தான் உப்பு இல்லை?