பெரியப்பாவின் கனைப்பு

அவர் லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருந்தார். தெருச் சங்கத்துக்குத் தலைவர். பெரிய மனிதர் என்று சொல்லமாட்டேன். ஆனால் சங்கக் குழுவில் இளையவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று மல்லுக்கட்டி வாங்கியவர் அவர்தான். தெருப் பிள்ளைகள் அந்த இடத்துக்கு அவருடைய தம்பி மகளையே தேர்ந்தெடுத்தபோது அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

கூட்டுக் குடும்பம். வீட்டில் அவர் யாரையும் அதட்டியதில்லை. தொண்டையைக் கனைப்பார், அவ்வளவுதான். டிவி அணையும், சண்டை பாதியில் நிற்கும்.

அன்றைய குழுக் கூட்டத்தில் ஒரே கேள்வி: தெருமுனைப் படிப்பறையை வைத்துக்கொள்வதா, கிடங்காக வாடகைக்கு விடுவதா. பிள்ளைகளுக்கு உட்கார்ந்து படிக்க வேறு இடம் கிடையாது.

“படிப்பறை வேணுங்கறவங்க கை தூக்குங்க” என்றார் தலைவர். தம்பி மகளும் தூக்கினாள். பகலெல்லாம் பெயின்ட் புகை குடித்த தொண்டை அவருக்கு அரித்தது. கனைத்தார்.

அவள் கை இறங்கியது. ஒரே ஓட்டில் படிப்பறை போனது.

திரும்பும் வழியில் கேட்டார். “ஏம்மா, தூக்குன கையை ஏன் இறக்கின?”

“நீங்கதானே பெரியப்பா கனைச்சீங்க?”

“அடிப்பாவி! அது பெயின்ட்டு!”

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “என்னை நம்பி அனுப்புனாங்க. அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

குரல் உயர்த்தாத மனிதன் என்று தன்னைப் பற்றி அவர் நினைத்திருந்தார். உயர்த்தத் தேவையே இல்லாதபடி வீட்டைப் பழக்கி வைத்திருப்பது இப்போதுதான் உறைத்தது. அவளுக்கு வாங்கிக் கொடுத்த நாற்காலியில் இத்தனை நாளும் அவரேதான் உட்கார்ந்திருந்தார்.

“நாளைக்கே மறுபடி ஓட்டு வைக்கிறேன். நான் சொன்னா கேப்பாங்க.”

“வேணாம் பெரியப்பா. அப்பவும் அது நீங்க சொன்னதுதானே?”



மறுநாள் அவள் உறுப்பினர்களின் வீடு வீடாக ஏறி இறங்கினாள். “கையை இறக்கினது என் தப்புதான். இன்னொரு தடவை ஓட்டு வைக்கணும்.” பலர் சம்மதித்தார்கள். “பெரியப்பா கனைச்சுக் குடுத்து அனுப்பினாரா?” என்று ஒருவர் கேட்க, வாசலில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

கடைசியாகப் பட்டறைக்கு வந்தாள். உள்ளே வராமல் வெளியிலேயே நின்றாள்.

“தலைவரே, மறு கூட்டம் வேணும்னு பாதி உறுப்பினருக்கு மேல கேக்கறாங்க. நானும் கேக்கறேன்.”

‘சரிம்மா’ என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

“சரிங்க” என்றார்.

சொன்ன பிறகு அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. கூட்டம் என்றைக்கு என்று கேட்டாள்.