கை படாத காபி

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எப்போதும் வயிறு நிறைந்தே இருக்கும். ஊர்த்தெருவிலிருந்து எங்கள் காலனிக்கு வருகிறவர்களைத்தான் சொல்கிறேன். ஓட்டு கேட்க வருவார்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க வருவார்கள், நடவுக்கு ஆள் கூப்பிட வருவார்கள். காபி போடட்டுமா என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான். "இப்பதான் குடிச்சிட்டு வரேன்." ரொம்ப வற்புறுத்தினால் கடையிலிருந்து ஒரு கலர் வாங்கிவரச் சொல்வார்கள். அந்த பாட்டிலின் மூடியை அவர்கள் கண் முன்னால்தான் திறக்க வேண்டும். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. அவர்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். கணக்கு மட்டும் என்னிடமிருந்து தாராளமாக இறங்குகிறது, காபி இறங்குவதில்லை.

என் கணவருக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் ஒருவன் மட்டும் அப்படியில்லை என்று பிடிவாதமாக நம்பிக்கொண்டிருந்தார். பள்ளியில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், ஊர்த்தெருவில் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. இன்றைக்கு இரண்டு பேரும் ஒரகடம் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறார்கள். சாலவாக்கம் கூட்ரோட்டில் ஒன்றாக ஏறி, கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் போய் வருகிறார்கள். கேன்டீனில் ஒரு காபி மெஷின் இருக்கிறதாம். பிரேக் விட்டதும் ஆளுக்கொரு பேப்பர் கப்பைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் நின்று ஊர்க்கதை பேசுவார்களாம். இதை என்னிடம் காது புளிக்கச் சொல்லியிருக்கிறார்.

அப்பேர்ப்பட்ட சிநேகிதன் நாங்கள் புது வீடு கட்டிக் குடிவந்த பிறகும் பைக்கை கேட்டுக்கு வெளியே நிறுத்தி ஹாரன் அடிப்பானே தவிர, ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. என் கணவருக்கு அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அவன் எங்கள் சோபாவில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். தினமும் என்னோடு மெஷின் காபி குடிக்கிறவன், வீட்டில் மெஷின் இருந்தால் குடிக்கமாட்டானா என்பது அவர் கணக்கு.

முதலில் இந்தக் காரணத்தை என்னிடம் சொல்லவில்லை. காலையில் உனக்கு வேலை மிச்சம் என்றுதான் சொன்னார். பள்ளிக்கு டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் நான். நம்பிவிட்டேன், ஆசையும் பட்டேன். வீட்டுக்கு வாங்குகிற சூப்பர் ஆட்டோமேட்டிக் எஸ்பிரெஸோ மெஷின்களைப் பற்றி யூடியூபில் கிடைத்ததையெல்லாம் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் கடுப்புதான் ஏறியது. நுரை எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று பேசுகிற ஒருத்தனும், பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூக்கும் போர் தண்ணீரை ஊற்றினால் மெஷின் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. சாயங்காலம் மோட்டார் போட்டால் டியூப்லைட் கண் சிமிட்டுகிற ஊரைப் பற்றியும் ஒருத்தனுக்கும் தெரியவில்லை. நாங்கள் குடிக்கிற சிக்கரி கலந்த தூள் இந்த மெஷின்களுக்கு ஆகாது, கொட்டையாகத்தான் போட வேண்டும் என்பதே எனக்குப் பாதி வழியில்தான் தெரிந்தது.

கடைசியில் இரண்டு மெஷின்கள் மிஞ்சின. இரண்டுமே கொட்டையைத் தானே அரைத்துத் தானே டிகாக்ஷன் இறக்கும். வித்தியாசம் பாலில்தான். ஒன்றில் ஆவி வருகிற ஒரு குழாய் இருக்கும். பாலைக் கிண்ணத்தில் ஊற்றி அதன் கீழே நாம் பிடிக்க வேண்டும், பிறகு நாமே கப்பில் ஊற்ற வேண்டும். மற்றதில் பக்கத்திலேயே ஒரு பால் டப்பா. பட்டனை அமுக்கினால் பாலை உறிஞ்சி, நுரைத்து, கப்பில் அதுவே ஊற்றிவிடும். எனக்குக் குழாய் வைத்ததுதான் பிடித்தது. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் சுத்தம். டப்பா மெஷினுக்குள் ஓடுகிற சின்னச் சின்ன டியூபுகளில் நம் ஊர் வெயிலுக்குப் பால் திரிந்து நாறும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. பாலைக் காய்ச்சத் தெரிந்தவளுக்கு இதற்கு ஒரு வீடியோ வேண்டாம்.

சென்னையில் ஒரு பெரிய கடைக்குப் போய் இரண்டையும் பார்த்தோம். விற்கிற பையன் என்னை விட்டுவிட்டு என் கணவரிடமே பேசினான். டப்பா மெஷினைத் தட்டிக் காட்டி, "இதுல ஆரம்பத்திலேருந்து கடைசி வரைக்கும் கையே படாது சார்" என்றான். என் கணவரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. மெஷின் எனக்காக இல்லை, அவனுக்காக.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே சண்டை பிடித்தேன். கோபம் வந்தால் நான் அவரை ஒருமையில்தான் பேசுவேன்.

"என் கைல இன்னா சீக்கு கீது? அத சொல்லு மொதல்ல."

"நீ எதுக்கெடுத்தாலும் அதையே பேசிக்கினு கீற. அவன் அப்டிப்பட்டவன் இல்ல."

"அப்டிப்பட்டவன் இல்லன்னா நான் போடற காபிய குடிக்கட்டுமே. எதுக்கு மெஷினு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உத்திரமேரூரில் இறங்கும்போது, ஒரே ஒரு தடவை அவன் உள்ளே வந்து குடித்துவிட்டால் போதும், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்றார். கெஞ்சுகிற குரல். அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுத்தேன். டப்பா மெஷின் வந்தது.

நான் நினைத்த மாதிரியே நாறியது. தினமும் அந்த டியூபுகளைக் கழற்றி, ஊசி மாதிரி ஒரு பிரஷ்ஷை விட்டுக் கழுவுவது என் வேலை ஆனது. மெஷினுக்குக் கேன் தண்ணீர், எங்களுக்குப் போர் தண்ணீர். அதற்கென்று வெள்ளைப் பீங்கான் கப்புகளும் வாங்கினேன். வேலை மிச்சம் என்று சொன்னவர் பட்டனை அமுக்குவதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். கேட்டைத் தாண்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஹாலுக்கே வந்துவிட்டான். என் கணவருக்குத் தலை கால் புரியவில்லை.

"இன்னா மச்சி, கம்பெனி மெஷினயே வூட்டுக்குத் தூக்கிக்கினு வந்துட்டியா?" என்று சிரித்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கொட்டை போடும் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். பட்டனை அவனே அமுக்கினான். பீங்கான் கப்பில் காபி இறங்கி நுரை ததும்பியதைப் போனில் வீடியோ எடுத்தான். என் கணவர் கப்பைச் சாஸருடன் எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இல்ல மச்சி. இப்பதான் குடிச்சிட்டு வரேன்."

கப் நீட்டியபடியே இருந்தது. பிறகு டீப்பாயில் இறங்கியது. அவன் எதுவுமே நடக்காத மாதிரி மெஷினைப் பற்றி என்னிடம் விசாரித்தான். வாங்குவதென்றால் எதை வாங்கலாம் டீச்சர் என்று கேட்டான். குழாய் வைத்ததை வாங்குங்கள், அதுதான் நல்லது என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவன் போன பிறகு ஆறிப்போன காபியை என் கணவரே குடித்தார். அவனுக்கு அல்சர் என்றார். கம்பெனி கேன்டீனில் மட்டும் அந்த அல்சர் லீவு எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டேன்.

அவன் நான் சொன்னதையே வாங்கினான். மாட்டிக்கொடுக்க ஆள் வேண்டுமே, என் கணவரைக் கூப்பிட்டான். அவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் போக இஷ்டமில்லை. ஆனால் அவன் தன் வீட்டுக்குள் கூப்பிட்டதே பெரிய விஷயம் என்று அவர் பூரித்துப்போயிருந்தார். அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

ஹாலில் டைனிங் டேபிள் மேல் மெஷின். பஸ்ஸில் 'டா' போட்டுப் பேசுகிற என் கணவர் அங்கே அவன் அம்மாவுக்கு எதிரில் 'டா'வும் போடாமல், பெயரும் சொல்லாமல், மெஷினைப் பார்த்தே பேசினார். நான் கையேட்டைப் படித்துச் சொல்ல, அவர் தண்ணீர் அளவையும் அரைக்கிற பதத்தையும் சரிசெய்தார். வியர்வை வழிந்தது. ஒருவரும் ஃபேனை எங்கள் பக்கம் திருப்பவில்லை. எல்லாம் முடிந்ததும் அவன் மனைவி குழாயின் கீழே கிண்ணத்தைப் பிடித்து, தன் கையாலேயே பாலை நுரைத்து, தன் கையாலேயே ஊற்றினாள். அந்த வீட்டில் கை படுவது ஒரு பிரச்சினையாகவே இல்லை.

அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் எவர்சில்வர் டம்ளரில் வந்தது. பிறகு அவன் மனைவி அலமாரியைத் திறந்து, பாதி தீர்ந்திருந்த ஒரு பேப்பர் கப் பாக்கெட்டை எடுத்து, அதிலிருந்து இரண்டு கப்பை உருவினாள்.

"குடிப்பா, சூடா கீது" என்றாள் அவன் அம்மா, என் கணவரிடம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேன்டீனில் இவர்களைச் சேர்த்து வைத்தது மெஷின் இல்லை, பேப்பர் கப். குடித்ததும் தூக்கி எறிந்துவிடலாம். யார் உதடு பட்டதையும் யாரும் கழுவிக் குடிக்க வேண்டியதில்லை. நாங்களோ சென்னை வரைக்கும் போய், பாலைக் கை தொடாத மெஷினைத் தேடி வாங்கி, அவனுக்கு நாங்கள் குடித்துக் கழுவி வைத்த பீங்கான் கப்பில் நீட்டியிருக்கிறோம்.

தட்டு என் முன்னால் வந்தது. அவனைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாங்க. இப்பதான் குடிச்சிட்டு வரேன்" என்றேன்.

அவன் தலை நிமிரவில்லை. அவன் மனைவி மறுபேச்சில்லாமல் தட்டை விலக்கிக்கொண்டாள். அந்த வீட்டில் யாரும் என்னை வற்புறுத்தவில்லை. திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் கப்பில் பாதி குறைந்திருந்தது.