மாமாவின் வண்டிச் சத்தம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா பிரசவத்துக்காகத் திருநெல்வேலிக்குப் போனாள். படிப்பு கெட்டுவிடும் என்று என்னை டெல்லியிலேயே விட்டுவிட்டாள். கெடுவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அப்பா, நான், அம்மாவின் தம்பியான மாமா என்று மூன்று பேர் மிஞ்சினோம்.

அப்பா ஓவர்டைம் முடிந்து பஸ் பிடித்து வர எட்டு மணியாகும். நான் ஒன்றரை மணிக்கே பள்ளிக்கூடம் விட்டு வந்து, கழுத்தில் தொங்கும் சாவியால் பூட்டைத் திறந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தயிர் சாதத்தைத் தின்றுவிட்டால் அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. பயமாக இருந்தது என்று சொன்னால் பொய். பயப்படுவதற்கு ஏதாவது நடக்க வேண்டுமே! ஒன்றுமே நடக்காமல் ஐந்தரை மணி வரை உட்கார்ந்திருப்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஐந்தரைக்கு மாமா வருவார். கன்னாட் பிளேஸில் தனியார் கம்பெனி வேலை. நாலு பேர் கைமாறி வந்த பழைய ஃபியட் ஒன்று வைத்திருந்தார். ஒருநாள் அவர் கதவைத் தட்டியபோது நான் திறக்கவில்லை. “நாந்தாம்ட்டி” என்றார். மாமாவைப் போலவே குரலை மாற்றி யாராவது பேசலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அரைமணி நேரம் வெளியே நின்று, அவர் எங்கள் ஊர்க் கோயிலில் யார் யார் எந்த வாகனம் தூக்குவார்கள் என்றெல்லாம் ஒப்பித்த பிறகுதான் திறந்தேன். மாமா கோபிக்கவில்லை. என் முதுகில் ஒட்டியிருந்த கட்டிலடித் தூசியைத் தட்டிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை, எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது, புகைக்குழாயை மாற்ற வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லி, என்னையும் கூட்டிக்கொண்டு கஷ்மீரி கேட்டுக்குப் போனார். அங்கே ஒரு சர்தார்ஜி மிஸ்திரி. நாலு சிலிண்டர் புகையும் முண்டியடித்துக்கொண்டு வெளியேறுகிற வார்ப்பிரும்புக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாக நாலு குழாய்கள் வளைத்தார். முதலில் ஒரு கம்பியை வளைத்து வழி பார்த்துக்கொண்டார். பிறகு குழாய்க்குள் காய்ந்த மணலைக் கெட்டித்து, வாயை அடைத்து, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி வளைத்தார். மணல் இல்லாவிட்டால் வளைகிற இடத்தில் குழாய் நசுங்கிவிடுமாம். நாலையும் கீழே ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்ததை ‘ஹெட்டர்’ என்றார். அதற்கு வாலாக ஒரே நீளக் குழாய்.

கடைசியில் இரண்டு சைலன்சர்களை மாற்றி மாற்றி மாட்டி எஞ்சினை உறுமவிட்டார். ஒன்று சாது. இன்னொன்று தெருவே திரும்பிப் பார்க்கிற ரகம்.

“ஏட்டி, எது வேணும்?” என்றார் மாமா.

“தூரத்துல வரும்போதே கேக்கணும் மாமா” என்றேன்.

மாமா இரண்டாவதைக் காட்டினார். சர்தார்ஜி சிரித்துக்கொண்டே பொருத்தினார்.

அப்புறம் வந்த வாரங்களில் இருந்த அளவு நான் என்றுமே சந்தோஷமாக இருந்ததில்லை. மார்க்கெட் திருப்பத்தில் வண்டி திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிடும். ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கிவிட்டுக் கதவை அகலத் திறந்து வைப்பேன். காலையில் மாமா வண்டியைச் சூடுபண்ணும்போது மாடி வீட்டுக்காரரின் பூஜை மணி அவருக்கே கேட்கவில்லையாம். அவர் அப்பாவிடம் இரண்டு முறை முறையிட்டார். அப்பா இரண்டு முறையும் மன்னிப்புக் கேட்டார். மூன்றாவது முறை அவர் எங்களிடம் பேசவில்லை.

ஒரு மாலை, சத்தம் கேட்டதும் வழக்கம்போல் கதவைத் திறந்தேன். வாசலில் ரிஜிஸ்டரோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஹிந்தியில் அன்பாகக் கேட்டார்கள். மதியம் முழுக்க வாய் திறக்காமல் கிடந்தவளுக்குப் பேச ஆள் கிடைத்தால் கேட்க வேண்டுமா? அப்பா, நான், மாமா. மாமா இரண்டு வருஷமாக எங்களோடுதான் இருக்கிறார், சாப்பாட்டுக்குப் பணமும் தருகிறார், அதோ வருகிறதே அந்தக் கார்கூட அவருடையதுதான் என்று கொட்டித் தீர்த்தேன். மாமா படியேறி வந்தபோது அவர்கள் எழுதி முடித்திருந்தார்கள்.

ஆபீஸுக்குத் தெரிவிக்காமல் குவார்ட்டர்ஸில் வேறொருவரை வைத்துக்கொண்டால் உள்வாடகைக்கு விட்டதாகத்தான் அர்த்தம், வீட்டையே பிடுங்கிவிடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் மாமாவின் பெட்டி இல்லை. கரோல்பாகில் ரூம் எடுத்துவிட்டார் என்று மட்டும் அப்பா சொன்னார். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது புரிந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து, ஐந்தே முக்காலுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். வண்டி தெருக்கோடியில் இருந்த பார்க்கின் முனை வரை வந்து நின்றது. எஞ்சின் இரண்டு முறை உறுமியது. பிறகு திரும்பிப் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மாமாவுக்கு என்மேல் ஏதோ கோபம், அதனால்தான் முனை வரை வந்து ஆசை காட்டிவிட்டுப் போகிறார் என்று முடிவு செய்தேன். அழுகை அழுகையாக வந்தது. நான்காம் நாள் சத்தம் கேட்டதுமே, அவர் பார்க்கும்படியாக ஜன்னலை அறைந்து சாத்தினேன்.

விசாரணை முடிகிற வரை வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று அப்பா அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அம்மா இதைச் சொன்னபோது நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாமாவின் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே கரோல்பாக். எங்கள் வீடு நேர் எதிர்த் திசையில்.

பத்து நாள் அவர் வந்தார். நான்காம் நாளிலிருந்து தினமும் நான் ஜன்னலைச் சாத்தினேன். பதினோராம் நாள் ஆறு மணியாகியும் சத்தம் வரவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.